காவிரிக் கரையில் ஒரு வீடு தேடி

கோயிலில்லாத ஊரில் குடியிருக்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. கோயில்கள் நிறைந்த ஊர்களுள் எதைத் தேர்ந்து முதுமையில் குடியேறுவது என்னும் வினாவுக்கு அவர்கள் விடை சொல்லிச் செல்லவில்லை. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர்களுக்கு அந்த வினா எழவே இல்லை. பிழைப்பைத் தேடிப் பெருநகரம் சென்று, முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கே கழித்து, ஓய்வுபெற்ற பின் அந்நகரின் வாடகைக்கும் இரைச்சலுக்கும் ஈடுகொடுக்க இயலாமல் நிற்கும் நம் போன்றோர்க்கே அது எழுகின்றது.

சென்னையில் நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக உரிமையாளர் அறிவித்தபோது எனக்கு வயது அறுபத்தெட்டு; என் துணைவியாருக்கு அறுபத்து நான்கு. அதே பகுதியில் வேறு வீடு பிடிப்பதென்றால் ஓய்வூதியத்தில் பாதிக்குமேல் வாடகைக்கே போய்விடும். ஆதலால் காவிரிக்கரைத் தலம் ஒன்றில் குடியேறுவதெனத் தீர்மானித்தோம். ஸ்ரீரங்கம், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, மாசி மாதத்தில் ஒரு முறையும் ஐப்பசி இறுதியில் ஒரு முறையுமாகச் சென்று பார்த்தோம். புறப்படுமுன் துணைவியார் சொன்ன ஒரு சொல் இவ்விரு பயணங்களிலும் எங்களோடு வந்தது. “நீங்கள் கோபுரத்தைப் பார்ப்பீர்கள். நான் படியைப் பார்ப்பேன். இன்னும் ஒன்று: நம்மில் ஒருவர் முந்திக்கொண்டால், மற்றவர் தனியாக இருக்கத் தகுந்த ஊராக அது இருக்கவேண்டும்.”

முதலில் ஸ்ரீரங்கம். காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிச் செல்ல, நடுவே பள்ளிகொண்ட பெருமானின் திருவரங்கத் தீவு. ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகளாகவே அமைந்திருப்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. 236 அடி உயரத்தில் 13 நிலைகளுடன் 1987-ஆம் ஆண்டு நிறைவுபெற்ற இராஜகோபுரத்தின் வழியே நுழைந்தால், காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் தபால்பெட்டியும் மதிலுக்கு உள்ளேயே இருக்கின்றன. இங்கே குடியிருப்பது பெருமாளின் வீட்டுக்குள்ளேயே குடியிருப்பது போன்றதுதான்.

முதியோர்க்கு இத்தலத்தில் ஒரு பெரும்பேறு உண்டு. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும், தைத் தேர் உத்திர வீதிகளிலும் வலம் வருகின்றது. மூலஸ்தானம் வரை நடக்க இயலாதவர்க்கு நம்பெருமாள் தாமே வாசலுக்கு எழுந்தருளிக் காட்சி தருகின்றார். அருகிலேயே நீர்த்தலமான திருவானைக்காவல். அங்கே உச்சிக்கால பூசையில் அர்ச்சகர் அன்னை அகிலாண்டேசுவரியின் கோலத்தில் புடவை அணிந்து வந்து ஜம்புகேசுவரரை வழிபடும் காட்சியை எத்தனை முறை கண்டாலும் தெவிட்டாது. மருத்துவ வசதிக்குத் திருச்சிராப்பள்ளி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். வயதானவர்க்கு வேளாவேளைக்குச் சமைத்து வீட்டுக்கே அனுப்புவோரும் இங்கே இருக்கின்றனர்.

ஆயினும் நாங்கள் பார்த்த வீடுகளுள் தரைத்தளத்தில் அமைந்து வீதிகளுக்கு அருகில் இருந்தவற்றின் வாடகை, சென்னைப் புறநகர் வாடகையை எட்டிப் பிடித்திருந்தது. நம்மைப்போலவே எண்ணிய ஆயிரம் பேர் நமக்குமுன் வந்துவிட்டார்கள். விலை மலிந்த வீடுகள் கோயிலைவிட்டு நெடுந்தொலைவில், மூன்றாம் மாடியில் இருந்தன. பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அலைமோதும் கூட்டத்தில் கைத்தடியோடு நடப்பதும் எளிதன்று. அம்மா மண்டபப் படித்துறையில் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆசை ஒரு தட்டிலும் ஓய்வூதியம் ஒரு தட்டிலுமாகத் தராசு நிலைகொள்ளவில்லை. அரங்கனிடம் விடைபெற்றுக்கொண்டு கிழக்கே புறப்பட்டோம்.

அடுத்து, கோயில் நகரமாம் கும்பகோணம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே, ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியுமுன் இரண்டு கோபுரங்களைக் கண்டுவிடலாம். ஆதிகும்பேசுவரரைத் தொழுது வெளியே வந்தால் சிறிது நடையில் சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதி. அப்பால் சக்கரபாணி, நாகேசுவரர். இராமசுவாமி கோயிலின் வெளிச்சுற்றுச் சுவர் முழுவதும் இராமாயணம் ஓவியமாக விரிகின்றது. ஆராவமுதன்மீது பாடப்பெற்ற பாசுரங்களைக் கேட்டுத்தான் நாதமுனிகள் நாலாயிரத்தையும் தேடித் தொகுக்கத் தலைப்பட்டார் என்பர். அந்த வரலாற்றை நினைத்துக்கொண்டு சந்நிதியில் நிற்பது தனி இன்பம். கடைத்தெருவில் வெற்றிலை, பித்தளைப் பாத்திரம், நல்ல காப்பிப்பொடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மருத்துவர்களுக்கும் குறைவில்லை.

இங்கே நாங்கள் கற்ற பாடம் வீட்டைப் பற்றியது. குறைந்த வாடகையில் பழைய வீடு ஒன்று கிடைத்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டு செல்லும் வீடு. பார்த்தவுடன் என் பாட்டனார் வீட்டு நினைவு வந்து, முன்பணம் கொடுத்துவிடக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டேன். துணைவியார் ஒன்றும் பேசாமல் வாசலிலிருந்து கொல்லைவரை நடந்து சென்று திரும்பினார். “ஐந்து நிலைவாசற்படி. ஒவ்வொன்றும் முக்கால் அடி உயரம். கழிவறை கொல்லைக் கோடியில். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் நீங்கள், மழையில் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போவீர்கள்?” என்றார். கை சட்டைப்பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. பழைய வீடுகளின் அழகு பழைய முழங்கால்களுக்கு ஏற்றதன்று.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. வார இறுதிகளில் நவக்கிரகத் தலங்களுக்குச் செல்லும் வாகனங்கள் அக்குறுகிய வீதிகளை நிறைத்துவிடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தேறியது, அடுத்தது 2028-இல். அப்புண்ணிய நாளில் குளக்கரையில் இருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் குளத்துக்கு அருகில் வீடு தேடுவோர் அக்கூட்டத்தையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

மூன்றாவதாக மயிலாடுதுறை. ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்னும் பழமொழியை அறியாத தஞ்சைத் தரணியார் இல்லை. அன்னை பார்வதி மயிலுருக் கொண்டு பூசித்த தலம். காசிக்கு ஒப்பாகச் சொல்லப்பெறும் ஆறு தலங்களுள் ஒன்று. மாயூரநாதரும் அபயாம்பிகையும் எழுந்தருளியுள்ள திருக்கோயிலில் சுற்றுகள் அகன்று பரந்து கிடக்கின்றன. நெரிசல் இல்லாமல், மூச்சுவாங்காமல் வலம் வரலாம். திருஇந்தளூரில் பரிமள ரங்கநாதர், பஞ்சரங்கத் தலங்களுள் ஒருவராய்ப் பள்ளிகொண்டிருக்கின்றார். ஸ்ரீரங்கத்தில் குடியேற முடியவில்லையே என்ற எங்கள் ஏக்கம் அச்சந்நிதியில் கரைந்தது. வைத்தீசுவரன் கோயிலும், மணிவிழாவும் சதாபிஷேகமும் காணும் திருக்கடையூரும் ஒரு காலைப்பொழுதில் சென்று திரும்பும் தொலைவு.

மாசியில் நாங்கள் போனபோது காவிரியில் மணல்தான் மிகுதி. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுவதால், இடைப்பட்ட மாதங்களில் கடைமடைக் காவிரி மெலிந்துவிடும். ஆற்றங்கரை என்று மயங்காமல், கோடையில் வீட்டுக் கிணற்றிலும் குழாயிலும் தண்ணீர் எப்படி என்று விசாரித்தறிதல் வேண்டும். மழைக்காலம் இதற்கு நேர்மாறு. அருகிலுள்ள சீர்காழியில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாடே அறியும். எனவேதான் ஐப்பசி இறுதியில், அடைமழையில் மறுமுறை சென்றோம். நல்ல வெயிலில் பார்த்து மகிழ்ந்த தெரு ஒன்றில் கணுக்காலளவு நீர் நின்றது. அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். மகாதானத் தெருவையொட்டிய சிறு தெரு ஒன்றில் நீர் வடிந்துவிட்டிருந்தது. அங்கே தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு. ஒரே ஒரு தாழ்ந்த படி. படுக்கையறையை ஒட்டியே உட்காரும் வகைக் கழிவறை. வாடகை, சென்னையில் நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

குறையும் சொல்லவேண்டும். இதய நோய்க்கோ எலும்பு முறிவுக்கோ பெரிய சிகிச்சை தேவையானால் சிதம்பரத்துக்கோ தஞ்சாவூருக்கோ செல்லவேண்டும். இது சிறிய குறையன்று. எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. ஆகவே வீட்டை உறுதி செய்யுமுன் அருகிலுள்ள மருத்துவரைச் சந்தித்து, இரவு நேரத்தில் எங்கே செல்வது, வண்டிக்கு யாரை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். சென்னையிலுள்ள மகளுக்கோ, பகலில் சோழன் விரைவு வண்டியில் ஏறினால் மாலைக்குள் வந்து சேரும் ஊர் என்பதில் சற்று ஆறுதல்.

எனினும் துணைவியாரின் முதல் கேள்வி இன்னும் விடை காணாமலே இருந்தது. வீட்டின் உரிமையாளரான அம்மையார் கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகளாய்ப் பக்கத்துப் பகுதியில் தனியே வசிக்கிறார். “தனியாக இருக்கப் பயமாக இல்லையா?” என்று துணைவியார் கேட்டார். அவர் சிரித்தார். “விடிந்து ஆறரை மணிக்குள் என் வாசலில் கோலம் விழாவிட்டால், எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிடுவார். இரண்டு முறை தட்டியிருக்கிறார். ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை தூங்கிவிட்டேன்” என்றார். துணைவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாடகைப் பேச்சு அதன்பின்தான் தொடங்கியது.

மறுநாள் கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலிய புண்ணிய நதிகள் இங்கே காவிரியில் வந்து நீராடித் தம் பாவம் தீர்வதாக ஐதீகம். ஐப்பசிக் கடைசி நாளில் கடைமுகம். அதற்குள் வந்து சேர முடியாமல் வழியெல்லாம் ஊர்ந்து வந்த முடவன் ஒருவன், காலம் கடந்துவிட்டதே என்று கரையில் நின்று கதறினான். அவனுக்காக இறைவன் அப்பேற்றை ஒரு நாள் நீட்டித்துத் தந்தருளினான். இவ்வாறே காலந்தாழ்த்தி வந்து கலங்கிய தம்பதியர் நாதசர்மாவும் அனவித்யாம்பிகையும். அவர்கள் ஐக்கியமான இலிங்கங்கள் இன்றும் மாயூரநாதர் கோயிலில் உள்ளன. அம்மையார் கலந்த இலிங்கத்துக்குச் சேலை சாத்தி வழிபடுகின்றனர்.

விடியற்காலை துலாக் கட்டத்துக்குச் சென்றோம். ஆற்றின் நடுவே நந்தி மண்டபத்தைச் சுற்றிப் புதுவெள்ளம் சிவந்து ஓடியது. நான் இறங்கி முழுகினேன். துணைவியாரால் நான்கு படிக்குமேல் இறங்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, ஈரப் புடவையோடு கரையேறிக்கொண்டிருந்த முன்பின் அறியாத பெண்மணி ஒருவர் பார்த்தார். மறுபடியும் கீழிறங்கி, தம் குடத்தில் நீர் முகந்து வந்து, “இப்படி உட்காருங்கள், அம்மா” என்று படியில் அமர்த்தி, மூன்று முறை தலையில் வார்த்தார். “இன்றைய நாளே நடக்க முடியாதவர்களுக்குத்தானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்பர்களுள் இவ்வாறு இடம் பெயர எண்ணுவோர்க்கு அனுபவத்தில் கண்ட சில சொற்கள். கையிலுள்ள சேமிப்பையெல்லாம் போட்டு உடனே வீடு வாங்காதீர்கள். ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஊரைக் கோடையில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் பாருங்கள். வீட்டைப் பகலில் மட்டுமன்றி இரவிலும் பாருங்கள். கோயிலுக்கு உள்ள தூரத்தை வரைபடத்தில் அளக்காமல், உங்கள் நடையில் நடந்து அளந்து பாருங்கள். மருத்துவரையும் மருந்துக் கடையையும் முன்னதாக அறிந்துகொள்ளுங்கள். வங்கி, எரிவாயு, குடும்ப அட்டை முகவரி மாற்றங்களைப் புறப்படுமுன் பட்டியலிடுங்கள். ஓய்வூதியர் வாழ்வுச் சான்றிதழை இப்போது அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து மின்னணு முறையில் பதிவு செய்து தருவதால், அதற்காகப் பழைய ஊருக்கு அலையவேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டை உங்கள் துணைவியாரின் கண்ணால் பாருங்கள். அங்கே பெரும்பொழுதைக் கழிக்கப்போகிறவர் அவர். ஒருவேளை தனித்திருக்கப் போகிறவரும் அவரே.

தை பிறந்ததும் நாங்கள் குடியேறினோம். காலை ஆறு மணிக்குத் துணைவியார் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, குனிய முடிந்த அளவுக்குச் சிறு கோலம் ஒன்று இடுகிறார். பெரிய கோலமன்று, எதிர்வீட்டார் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்கிறார். அபயாம்பிகை என்ற திருநாமத்துக்கு அஞ்சேல் என்று அருள்பவள் என்பது பொருள். அவள் நிழலில் எங்கள் நாட்கள் அமைதியாகவே செல்கின்றன.