எழுதி வைத்தவர்: ராதிகா குமாரசுவாமியும் நமது பிள்ளைகளும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

காதி நீதிமன்றம், திருமண வயது என்று பேச்செடுத்தால் போதும், நமது ஊரில் "பெண்ணியவாதி" என்ற சொல் ஏச்சாக வந்து விழுந்துவிடும். மேற்கு நாட்டுக் காசு, நமது தீனைக் கெடுக்க வந்தவர்கள் என்றெல்லாம் சொல்வோம். அப்படி ஏச்சு வாங்கும் வரிசையில் நிற்கக்கூடிய ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அவர் நமது நாட்டுத் தமிழ்ப் பெண். ரோஹிங்யா முஸ்லிம் பெண்களுக்கு நடந்த அநியாயத்தை விசாரித்து ஐ.நா.வில் பதிவு செய்த மூவரில் ஒருவரும் அவர்தான். பெயர் ராதிகா குமாரசுவாமி.

1953இல் பிறந்தவர். தகப்பன் இலங்கை நிர்வாக அதிகாரியாக இருந்து ஐ.நா.வில் பணியாற்றியதால் நியூயோர்க்கில் படித்தார். யேல், கொலம்பியா, ஹார்வார்ட் என்று பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் எடுத்தார். அப்படிப் படித்தவர் அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். 80களில், நாடு பற்றி எரிந்த காலத்தில், கொழும்பில் இருந்து வேலை செய்தார். நீலன் திருச்செல்வத்தோடு சேர்ந்து இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தில் அரசியலமைப்பு, சிறுபான்மையினர், பெண்கள் பற்றி ஆய்வு செய்தார். நீலன் 1999 ஜூலையில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

1994இல் ஐ.நா. ஒரு புதிய பதவியை உருவாக்கியது: பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய விசேட அறிக்கையாளர். அதன் முதல் ஆள் ராதிகா. 2003 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் அழுத்திச் சொன்ன ஒரு விசயத்தை நமது பாஷையில் சொல்கிறேன். ஒரு வீட்டில் மனைவிக்கு அடி விழுகிறது. பக்கத்து வீட்டார், "அது புருஷன் பொஞ்சாதி பிரச்சினை" என்பார்கள். பொலிஸுக்குப் போனாலும் "சமாதானமாகப் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அடித்தது கணவன், அரசாங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்பதுதான் பழைய சட்டப் பார்வை. தடுக்க வேண்டிய, விசாரிக்க வேண்டிய, தண்டிக்க வேண்டிய அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அந்த அடிக்கு அரசும் பொறுப்பாளி என்று அவருடைய அறிக்கைகள் வாதிட்டன. வீட்டு வன்முறைச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற மாதிரி ஒன்றையும் 1996இல் முன்வைத்தார். நமது நாட்டில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது. அது முஸ்லிம் பெண்களுக்கும் உரியது என்பது இன்னும் நமது பெண்கள் பலருக்குத் தெரியாது.

அதே 1996இல் வந்த இன்னொரு அறிக்கை உலகத்தையே பேச வைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படையினருக்காகக் கொரியாவிலிருந்தும் ஏனைய நாடுகளிலிருந்தும் பெண்களைக் கொண்டுபோய் அடைத்து வைத்தார்கள். "ஆறுதல் பெண்கள்" என்று அதற்கு ஒரு மென்மையான பெயர். ராதிகா அதை "இராணுவப் பாலியல் அடிமைத்தனம்" என்று எழுதினார். வயதான அந்தப் பெண்களின் வாக்குமூலங்களைச் சேர்த்தார். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஜப்பானுக்குப் பரிந்துரைத்தார். ஓர் ஆசிரியையாக என்னை நிறுத்திய பரிந்துரை வேறொன்று: இந்த வரலாற்றைப் பாடத்திட்டத்தில் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். 2014இல் ஜப்பான் அரசு அறிக்கையின் ஒரு பகுதியைத் திருத்தும்படி கேட்டது. அதில் மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஆணின் சாட்சியம் பொய்யென்று தெரிந்ததுதான் காரணம். அது பல ஆதாரங்களில் ஒன்று மட்டுமே, பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் அப்படியே நிற்கின்றன என்று அவர் மறுத்துவிட்டார்.

2006 முதல் 2012 வரை அவர் ஆயுத மோதலில் சிக்கிய சிறுவர்களுக்கான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி. கிழக்கு மாகாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006 நவம்பரில் அவருடைய ஆலோசகராக அலன் றொக் இங்கு வந்தார். புலிகள் பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதையும், மட்டக்களப்பில் கருணா குழு பிள்ளைகளைக் கடத்துவதையும், அதற்குப் படைத்தரப்பில் சிலர் உடந்தை என்பதையும் வெளியில் சொன்னார். 2011இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1998ஆம் இலக்கத் தீர்மானத்தின்படி, பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் தாக்கும் தரப்புகளும் ஐ.நா.வின் கறுப்புப் பட்டியலில் சேரும். அதுவும் அவருடைய பதவிக் காலத்தில் நடந்தது.

கொங்கோவின் தோமஸ் லுபங்கா வழக்கில் 2010இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். சிறுவர் போராளி என்றதும் நமக்குத் துவக்கு ஏந்திய பையன்தான் ஞாபகம் வருகிறான். சமைக்கவும் சுமக்கவும், படுக்கைக்கும் என்று கொண்டுபோகப்பட்ட பெண் பிள்ளைகளைச் சட்டம் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது என்பதே அவர் வாதம். 2012இல் லுபங்கா குற்றவாளியானார். பெண் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிப் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு சொல்லவில்லை. ஒரு நீதிபதி மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

2017இல் மியன்மார் பற்றிய ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவில் ஒருவரானார். ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் பங்களாதேஷுக்கு ஓடிய காலம் அது. நாம் பள்ளிகளில் குனூத் ஓதினோம், அல்ஹம்துலில்லாஹ். இந்தக் குழு அகதிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, இனப்படுகொலைக்காக விசாரிக்கப்பட வேண்டிய இராணுவத் தளபதிகளின் பெயர்களை 2018இல் வெளியிட்டது. நமது சகோதரிகளுக்கு நடந்ததைச் சட்டத்தின் மொழியில் எழுத அப்போது தேவைப்பட்டது அந்தப் பெண்ணியம்தான்.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

வகுப்பு இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே வரவு நின்றுபோவதைப் பார்த்த ஆசிரியைகள் பலர் நம்மில் இருக்கிறோம். எனது பதினோராம் தர வகுப்பில் ஒரு பிள்ளை. கணிதத்தில் கெட்டிக்காரி. ஓ.எல். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கல்யாணம். "உனக்கு விருப்பமா மகள்?" என்று கேட்டேன். "எனக்கிட்ட யாரும் கேக்கல்ல டீச்சர்" என்றாள். கோபமோ அழுகையோ இல்லாமல், மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும். ஏனைய சமூகங்களுக்கு 1995இலேயே வயது 18 ஆகிவிட்டது. காதியாக ஓர் ஆண்தான் இருக்க முடியும். சட்டத்தைத் திருத்த 2009இல் அமைத்த சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து.

ராதிகா 2002இல் எழுதிய அறிக்கை ஒன்று, குடும்பத்துக்குள் பெண்ணை வதைக்கும் வழக்கங்களைக் கலாசாரம் என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது என்கிறது. அவர் மனித உரிமையின் பக்கம் நின்று பேசுகிறார். நான் ஈமானோடு பேசுகிறேன். அவர் சொல்லும் எல்லாவற்றுடனும் நான் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் சம்பவம் புகாரியில் இருக்கிறது. விருப்பமில்லாமல் தகப்பன் முடித்துவைத்த திருமணத்தை அந்தப் பெண் வந்து முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ரத்துச் செய்தார்கள். பெண்ணிடம் கேட்பது நியூயோர்க்கிலிருந்து இறக்குமதியான விசயமில்லை. நமது மார்க்கத்தில் இருந்ததை நமது வழக்கம் மூடிவிட்டது.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பதிவாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ்வுக்கு முன் மணப்பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், தகப்பனும் பெரியப்பாவும் பக்கத்தில் இல்லாமல். அவள் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி அவளிடமே கையொப்பம் வாங்கிப் பதிவேட்டோடு வையுங்கள். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. செலவு ஒரு தாளும் ஒரு பேனையும்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், கண்ணியமாக. பெண் பிள்ளை பெற்ற வாப்பாமாரின் கருத்தைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.