அடி வாங்கின அடுத்த பந்து

நம்ம காலேஜ்ல யாரைப் பார்த்தாலும் பேருக்கு அடுத்து கேட்கிறது சி.ஜி.பி.ஏ.தான். கிரிக்கெட் டீம்ல ஒரு பவுலருக்கு அந்த இடத்தில் இருப்பது ஆவரேஜ். கொடுத்த ரன்களை எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் வரும் எண். சி.ஜி.பி.ஏ.வுக்கு நேர் எதிர். இது குறையக் குறையத்தான் மதிப்பு.

என் ரூம்மேட் ஆஃப் ஸ்பின்னர். எனக்கு ஆட வராது, ஸ்கோர் எழுத வரும். அதனால டீமோட ஸ்கோர் புக் எப்பவும் என் பையில்தான் இருக்கும். இந்த வருஷம் முதல் 8 மேட்சில் அவன் 30 ஓவர் போட்டு, 198 ரன் கொடுத்து, 6 விக்கெட் எடுத்தான். ஆவரேஜ் 33. மண்டலப் போட்டிக்கு டீம் எடுக்கும் நேரம். "முப்பதுக்கு மேல இருந்தா கஷ்டம்டா"ன்னு கேப்டன் அண்ணா சொல்லிட்டார். இவனுக்கோ இது கடைசி வருஷம். அன்னைக்கு ராத்திரி மெஸ்ல பரோட்டா போட்டும் அவன் சாப்பிட வரலை. ஹாஸ்டல்வாசிகளுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

ஆவரேஜைக் குறைக்கணும்னா முதலில் அதைப் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்குள்ள ரெண்டு எண் இருக்கு. ஒன்று எகானமி, அதாவது ஓவருக்கு எத்தனை ரன். இன்னொன்று ஸ்ட்ரைக் ரேட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து. இரண்டையும் பெருக்கி 6-ஆல் வகுத்தால் ஆவரேஜ் வந்துவிடும்.

டெஸ்ட் கிரிக்கெட்டில் ரெண்டு என்ஜினியர்களையே எடுத்துக்குவோம். மெக்கானிக்கல் படித்த கும்ப்ளே 619 விக்கெட், ஆவரேஜ் 29.65. ஐ.டி. படித்த நம்ம அஸ்வின் 537 விக்கெட், ஆவரேஜ் 24. ரன் கொடுப்பதில் கும்ப்ளேதான் சிக்கனம்: ஓவருக்கு 2.69, அஸ்வின் 2.83. ஆனா ஒரு விக்கெட்டுக்கு கும்ப்ளேவுக்கு சுமார் 66 பந்து தேவைப்பட்டது, அஸ்வினுக்கு சுமார் 51. வித்தியாசம் அங்கேதான்.

இவனுக்கு எகானமி 6.6, ஸ்ட்ரைக் ரேட் 30. சரி, இதில் எதைச் சரி பண்றது? அங்கேதான் மாட்டிக்கிட்டோம். விக்கெட் மொத்தமே 6. லாங் ஆன்ல விட்ட ஒரே ஒரு கேட்ச்சைப் பிடிச்சிருந்தா 7 ஆகியிருக்கும்; 33 சட்டுனு 28 ஆகியிருக்கும். அப்போ கேப்டன் அண்ணா பேச்சும் மாறியிருக்கும். ஒரு ஃபீல்டரோட கை வழுக்கினதுக்கு ஒரு பவுலரோட வருஷமே ஆடுதுன்னா, அந்த எண்ணை மட்டும் நம்பி எதையும் திருத்த முடியாது.

விக்கெட் 6-தான், ஆனா பந்து 180 போட்டிருக்கான். அதைப் பத்தி ஸ்கோர் புக்ல இருக்கிறது ரன் மட்டும்தான். பந்து எங்கே விழுந்தது, பேட்ஸ்மேன் தடுமாறினானா என்பதெல்லாம் அதில் இல்லை. அதனால அடுத்த 4 மேட்சுக்கு லேப் அப்சர்வேஷன் நோட்டின் பின்பக்கத்தில் தனியா எழுத ஆரம்பிச்சேன். ஒவ்வொரு பந்துக்கும் மூணே விஷயம்: லென்த் (ஃபுல், குட், ஷார்ட்), ரன், பேட்ஸ்மேன் ஏமாந்தானா இல்லையா. ஏமாந்தா ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

96 பந்து, 102 ரன், 3 விக்கெட். ஆவரேஜ் 34. இன்னும் மோசம்! ஆனா நோட்டு வேற கதை சொன்னது. ஷார்ட்டா விழுந்தது 18 பந்துதான். அதுக்கு மட்டும் 40 ரன். மீதி 78 பந்துக்கு 62 ரன், அதாவது ஓவருக்கு அஞ்சுகூட இல்லை. பக்கத்திலேயே நிறைய புள்ளிகளும் இருந்தன.

அந்த 18 பந்தும் எப்போ விழுந்ததுன்னு தேடினேன். 12 தடவை ஃபோரோ சிக்ஸரோ வாங்கியிருந்தான். அதில் 8 தடவை அடுத்த பந்து ஷார்ட். மற்ற 84 பந்தில் ஷார்ட் விழுந்தது 10 மட்டும்.

இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றது? 'நீ பயப்படுறே'ன்னு ஒரு ஸ்பின்னர்கிட்ட சொல்லவா முடியும்? நோட்டையே கையில கொடுத்துட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "அடி விழுந்ததும் கை தானா வேகமா வருது மச்சி"ன்னான். வேகமாக வீசினால் லூப் போய்விடும், பந்து இழுபட்டுக் குட்டையாக விழும். அவனுக்கே தெரிஞ்ச விஷயம்தான். ஆனா "டென்ஷன் ஆகாதே"ன்னு எல்லாரும் பொதுவா சொன்னதில் அது எந்தப் பந்துன்னு இல்லை.

அப்புறம் நெட்ஸ்ல ஒரே பயிற்சி. ஓங்கி அடிக்கச் சொல்லி ஒரு பந்து. அடி விழுந்ததும் மெதுவா நடந்து மார்க்குக்குத் திரும்பி, மூச்சு வாங்கி, குட் லென்த்தில் வைத்த கோனைக் குறிபார்த்து அடுத்த பந்து. அந்த ரெண்டாவது பந்தை மட்டும்தான் எழுதுவேன்.

அதுக்கப்புறம் ஆடின 3 மேட்சில் 68 ரன்னுக்கு 4 விக்கெட். ஆவரேஜ் 17! டீமே கொண்டாடியது. எனக்கு அந்த 17 மேல பெரிய நம்பிக்கை இல்லை. அதில் ஒரு விக்கெட் ஃபுல் டாஸுக்கு பவுண்டரியில் பிடித்த கேட்ச். நான் பார்த்தது வேற எண்: 9 தடவை பவுண்டரி வாங்கி, அடுத்த பந்து ஷார்ட்டானது 2 தடவைதான். இதுவும் சின்ன எண்ணிக்கைதான். ஆனா கேட்ச் விடுவது அவன் கையில் இல்லை, அடுத்த பந்தை எங்கே போடுவது என்பது அவன் கையில்.

மொத்தக் கணக்கில் இப்போ ஆவரேஜ் 28. லிஸ்ட் அடுத்த வாரம் போடுவாங்களாம். பேர் வருமான்னு தெரியாது. பரோட்டா அன்னைக்கு மட்டும் இப்போ கரெக்டா வந்துடறான்.

நீங்களும் பவுலர்னா ஒரு பழைய நோட்டும், பவுண்டரி ஓரம் உட்கார ஒரு ஃப்ரெண்டும் போதும். முதல் மேட்சில் எதுவும் தெரியாது. நாலு மேட்ச் பொறுத்து எழுதுங்க.