சிக்கிய கோதும் சிப்பாய் மீது விழுந்த பழியும்

சுட்டு முடிந்த ரவைக் கோதுகளைச் சேர்த்துவைத்து, புதிதாக மருந்தும் குண்டும் இட்டுத் தாமே ரவை தயாரிப்போர் அமெரிக்காவில் ஏராளம். அவர்களிடையே ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று, மாற்றியபின் மீண்டும் சோதி. அப்போதுதான் கோளாறு எங்கிருந்து வந்தது என்பது பிடிபடும்.

போர்ச் செய்திகளோடு நெடுங்காலம் உழன்றவன் என்பதால், இவ்விதியை எண்ணும்போதெல்லாம் எனக்கு எம்-16 துவக்கின் வரலாறே நினைவுக்கு வரும். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த அத்துவக்கு, குறித்த ஒருவகை மருந்தைக் கொண்டே பரீட்சிக்கப்பட்டிருந்தது. 1964இல் அமெரிக்க இராணுவம் ரவையில் வேறுவகை மருந்தைப் புகுத்தியது. சுடும் வேகம் கூடியது. உள்ளே கரியும் கூடுதலாகப் படிந்தது. ரவை அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. துப்புரவுக் கருவிகளும் போதவில்லை. வியட்நாம் களத்தில் வெற்றுக் கோது அறைக்குள்ளேயே இறுகிக்கொண்டது. சுட இயலாத துவக்குடன் வீரர்கள் மடிந்தனர்.

‘சிப்பாய் துவக்கைச் சரியாகத் துடைக்கவில்லை’ என்றார்கள் மேலிடத்தார். வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1967இல் ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு விசாரித்து, மருந்து மாற்றத்தையும் திட்டத்தை நடத்திய விதத்தையும் கடுமையாகக் கண்டித்தது. குரோமியப் பூச்சும் துப்புரவுக் கருவிகளும் அதன்பின் பரவலாக வந்தன.

கடைசியில் நிற்பவன்மீது பழி போடுவது எளிது. எந்த விபத்துச் செய்தியை வாசித்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதற்கு முன்னர் எதை மாற்றினார்கள், யார் மாற்றினார்கள்?