துண்டிக்கும் கத்தியும் முளாரபா கணக்கும்



ஒருவர் பணம் போடுகிறார், மற்றொருவர் உழைக்கிறார். வரும் இலாபத்தை முன்பே பேசிக்கொண்ட விகிதப்படி பகிர்ந்துகொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் அது பணம் போட்டவரைச் சாரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீணாகிறது, அவ்வளவே. ஆனால் உழைத்தவர் பேசிய வரம்பை மீறியிருந்தாலோ, கவனக்குறைவாக நடந்திருந்தாலோ அந்த நஷ்டத்துக்கு அவரே பொறுப்பாளி. முளாரபாவின் இந்தச் சட்டத்தை ஆண்டுதோறும் மதரஸா மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறேன். ஆட்டு வியாபாரம், துணி வியாபாரம் என்று உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். கடந்த ஆண்டு இதே பாடம் எங்கள் குடும்பத்துக்குள் வழக்காக வந்தது. வழக்கின் பொருள், இரண்டு மில்லி மீட்டர் அகலமுள்ள ஒரு கத்தி.

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயம் பக்கத்தில் எங்கள் அக்கா மகன் பட்டறை வைத்திருக்கிறான். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். ஓசூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். வட்டிக் கடன் வேண்டாம் என்று உறுதியாக நின்றதால், அண்ணனும் மச்சானும் நானும் பணம் போட்டோம். ஒரு பழைய சி.என்.சி. லேத் வந்து இறங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளின் இயந்திரங்களுக்குத் தேவையான பின்களைக் கடைந்து கொடுப்பதே முதல் வேலை. (தொழிற்கூடத்தில் முளாரபா செல்லுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஷாஃபி மத்ஹபில் அது வணிகத்துக்கு மட்டுமே உரியது. நாங்கள் ஹனஃபிகள், அந்த விவாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை.)

மூன்று மாதங்களில் மூன்று கத்திகள் உடைந்தன. ஒரு கட்டுப் பின்கள் முழுதும், முகம் சமமாக இல்லை என்று திரும்பி வந்தன. கடைசி முறை உடைந்த துண்டு இயந்திரக் கதவின் கண்ணாடியில் தெறித்துக் கீறல் விழுந்தது. கதவு மூடியிருந்ததால் பிள்ளையின் கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். "இது அவன் அலட்சியம். நஷ்டத்தை அவனே கட்டட்டும்" என்றார் அண்ணன். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு வைத்த தேநீரைத் தாம் தொடவில்லை.

வீட்டில் ஆலிம் நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பணம் போட்டவர்களில் ஒருவனான நான் அதே வழக்குக்குக் காழியாக எப்படி இருக்க முடியும்? எனக்கு ஓதிக்கொடுத்த முதிய உஸ்தாதிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: "அந்தத் தொழிலை நன்றாக அறிந்தவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அதை விசாரித்துக்கொண்டு வாரும்."

அப்படித்தான் லேத்தின் முன்னால் போய் நின்றேன்.

சுழலும் இரும்புக் கம்பியின் நுனியில் பொருளைக் கடைந்து முடித்த பிறகு, அதைக் கம்பியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும். அதற்கு உரியது பார்ட்டிங் டூல். மற்றக் கத்திகள் வெளிப்பரப்பைச் சீவுகின்றன; இது ஒல்லியான உடலோடு கம்பிக்குள் நேராகப் புகுந்து நடுமையம் வரை போகிறது. இருபுறமும் இரும்புச் சுவர். சீவிய சுருள் வெளியேற இருப்பது வந்த வழி ஒன்றுதான். சுருள் சிக்கினாலும், கத்தி சற்றே பக்கவாட்டில் வளைந்தாலும் உடைந்துவிடும். எல்லா வேலையும் முடிந்த பொருளின் மேல்தான் இது கடைசியாக இறங்குகிறது. ஆகவே இங்கே நேரும் பிழை, அதுவரை செய்த உழைப்பையும் சேர்த்தே கெடுக்கிறது.

இராணிப்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் லேத்தில் நின்ற ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் ஓர் அளவுகோலைக் கேட்டார். கம்பியின் விட்டம் 38 மி.மீ.; மையத்தைத் தொட 19 மி.மீ. ஆழம் போதும். கத்தி பிடியிலிருந்து 22 மி.மீ. நீட்டியிருந்தால் தாராளம். ஆனால் அது 44 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. "இரண்டு மடங்கு நீளம் என்றால் இரண்டு மடங்கு ஆட்டம் என்று நினைக்கக் கூடாது ஹஜ்ரத், எட்டு மடங்கு" என்றார். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட எந்தச் சட்டமும் அப்படித்தான்: வளைவு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அகலத்தைக் கூட்டினால் கிடைக்கும் உறுதியைவிட, நீட்டத்தைக் குறைத்தால் கிடைக்கும் உறுதி மிக அதிகம்.

"ஏன் இவ்வளவு நீட்டி வைத்தாய்?" என்று மருமகனைக் கேட்டேன். "80 மி.மீ. கம்பி வேலையும் இடையிடையே வருது மாமா. ஒவ்வொரு தடவையும் கத்தியைத் தள்ளி வச்சு அளவு எடுக்க நேரம் போகுது" என்றான். சரி, இரண்டு மி.மீ. அகலக் கத்தியை ஏன் தேர்ந்தான்? அதற்கு அவன் சொன்ன பதிலில்தான் எனக்கு நெஞ்சு இளகியது. மூன்று மி.மீ. கத்தியானால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மி.மீ. கம்பி கூடுதலாகத் தூளாகும். ஆயிரம் பின்களுக்கு ஒரு மீட்டர், 38 மி.மீ. கம்பியில் அது ஏறத்தாழ 9 கிலோ இரும்பு. எங்கள் பணத்தை மிச்சப்படுத்தத்தான் ஒல்லியான கத்தியை எடுத்திருக்கிறான்.

பெரியவர் அத்தோடு விடவில்லை. டயல் கேஜை ஒட்டவைத்து, கத்தியின் பக்கவாட்டில் அதன் நீளம் முழுதும் ஓடவிட்டார். அசையாமல் நிற்க வேண்டிய முள் நகர்ந்துகொண்டே போனது. கத்தியைத் தாங்கும் டரட், கம்பியின் அச்சுக்குச் செங்குத்தாக இல்லை. முன்பு எப்போதோ மோதலில் சாய்ந்திருக்க வேண்டும் என்றார். சாய்ந்து நுழையும் கத்தி ஒரு சுவரில் உரசி வளைகிறது. பின்னின் முகம் புடைத்தோ குழிந்தோ போகிறது. திரும்பி வந்த பின்களின் கதை அதுவே. விற்றவர் இதைச் சொல்லவில்லை. ஃபிக்ஹில் இதற்குப் பெயர் உண்டு: விற்ற பொருளில் மறைந்திருந்த ஐப். வாங்கும்போது மருமகன் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறான். வெளிப்புறக் கடைசலில் இந்தச் சாய்வு கண்ணில் படாது.

எங்கள் மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பது பலருக்குத் தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது; 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறை பார்க்கவா என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். அங்கே போனபோதெல்லாம் என் கண் அந்தக் கண்ணாடியைத்தான் தேடியது. இப்போது அதைத் தாங்கும் குதிரைலாட வடிவப் பெரும் இரும்புச் சட்டத்தை நினைக்கிறேன். தாங்குவது அசைந்தால் எவ்வளவு நல்ல கண்ணாடியும் பயன்படாது.

டரட்டை நேராக்கிய பிறகு, கத்தி வாங்கும் பேச்சு எழுந்தது. தள்ளித் தள்ளி நீளத்தை மாற்றக்கூடிய தகட்டுக் கத்தி பல வேலைக்கு உதவும். ஆனால் உறுதி குறைவு. பிடியும் கத்தியும் ஒரே உடலாக, அடிப்பகுதி தடித்து வரும் வகை, குறிப்பிட்ட விட்டம் வரை மட்டுமே அறுக்கும், ஆனால் அசையாது. தினமும் ஓடும் 38 மி.மீ. வேலைக்கு அதையே மூன்று மி.மீ. அகலத்தில் வாங்கினோம். 80 மி.மீ. வேலைக்குப் பழைய வகைத் தகடு தனியாக டரட்டின் வேறோர் இடத்தில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பின்னின் நடுவில் நிற்கும் சிறு மொட்டை ஒழிக்க முனை சாய்ந்த இன்செர்ட் கிடைக்கும் என்று அண்ணன் எங்கோ கேட்டுவந்தார். சாய்ந்த முனை கத்தியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் பெரியவர் மறுத்துவிட்டார். நேர் முனையே வாங்கினோம். மொட்டை மறுபுறம் திருப்பிச் சீவிக்கொள்ளலாம். இன்செர்ட்டின் முனை கம்பியின் மைய உயரத்துக்கு மேலும் கீழும் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், மையத்தை நெருங்கும் கடைசி 2 மி.மீ. தூரத்தில் ஓட்ட வேகத்தைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும் என்பன போன்றவற்றை மருமகன் எழுதிக் கதவில் ஒட்டிக்கொண்டான்.

இவற்றையெல்லாம் உஸ்தாதிடம் ஒப்பித்தேன். கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டாவது கத்தி உடைந்த மறுநாள், இதே பெரியவர் தொலைபேசியில் "நீட்டத்தைக் குறை" என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறார். அவசரத்தில் அவன் அதைச் செய்யவில்லை. உஸ்தாத் இரண்டாகப் பிரித்தார். முதல் இரண்டு கத்திகளும் திரும்பி வந்த பின்களும் முதலின் நஷ்டம். யாருக்கும் தெரியாத ஐபுக்கு அவன் பொறுப்பல்ல. தொழிலறிந்தவர் எச்சரித்த பின்பும் மாற்றாமல் உடைத்த மூன்றாவது கத்தியும் கீறிய கண்ணாடியும் அவன் பொறுப்பு.

மருமகன் அன்றே ஒப்புக்கொண்டான். அண்ணனுக்கு முழுத் திருப்தி இல்லை. திரும்பி வந்த பின்களின் கணக்கை இன்னும் எப்போதாவது எடுக்கிறார். தேய்ந்த இன்செர்ட்டுகளின் செலவு இலாபத்தைப் பிரிக்கும் முன்பே கழிக்கப்படும் என்று இந்த முறை தாளில் எழுதி, நால்வரும் கையொப்பமிட்டோம். புதிய கத்தி ஏழு மாதங்களாக ஓடுகிறது. சென்ற வாரம் அக்கா வீட்டில் தேநீர் குடித்தபோது அண்ணன் பட்டறைக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பின் இருந்தது. அதன் முகத்தை நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.