விசா ஃபைல் யார் வேலை?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, விசா தானாக வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. தம்பி மகனுக்கு ஜெர்மனியில் முதுகலைப் பொறியியல் படிக்க அனுமதிக் கடிதம் வந்த அன்றே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போய்விட்டது. விசா வேலை என் தலையில் விழுந்தது. வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். காகிதம் என்றால் பெரியப்பாதான் என்பது குடும்பத் தீர்மானம். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஃபைலை அவன்தான் தயார் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அவன் படிக்கிற பையன்ணே, ஏஜென்ட்கிட்டக் குடுத்துடலாம்" என்றான்.

ஜெர்மனியை நம் பிள்ளைகள் நாடுவதற்குக் காரணம் தெரிந்ததுதான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் அந்த வழிக்கு வந்துவிட்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் படிப்பு இலவசம் என்று சொல்லலாம். சாப்பாடும் வாடகையும் இலவசமில்லை. அதற்குத்தான் பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து அதில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். அது யாருக்கும் கட்டும் கட்டணமில்லை, பையனுடைய பணமேதான். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அவனுக்கே திரும்பி வரும். ஆனால் விசா கேட்கும்போது முழுத்தொகையும் ரொக்கமாகக் கணக்கில் இருந்தாக வேண்டும்.

நம் குடும்பங்களில் பணம் அப்படி ரொக்கமாக இருப்பதில்லை. என் தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவனைக் கையில் நாலு காசு உள்ளவன் என்றுதான் சொல்வார்கள். லால்குடிப் பக்கம் நிலம் இருக்கிறது. பட்டா இன்னும் எங்கள் அப்பா பெயரில். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் பாகப்பிரிவினைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் மனஸ்தாபம் வருமோ என்ற பயம். தம்பி மனைவியிடம் நகை உண்டு. தெரிந்தவர் நடத்தும் சீட்டு ஒன்று ஓடுகிறது. கடைச் சரக்கில் ஒரு முதல் முடங்கிக் கிடக்கிறது. இத்தனையும் சொத்துத்தான். விசா அதிகாரியின் மேசையில் இதில் ஒன்றுக்கும் மதிப்பில்லை.

கல்விக் கடன் வாங்கலாமே என்றால், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பெரும்பாலும் சொத்து ஈடு கேட்கும். நான் நாற்காலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டதையே இப்போது எங்களிடம் கேட்டார்கள்: பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தைப் பேரன் படிப்புக்கு ஈடு வைப்பதென்றால், எங்கள் அக்கா உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் கொஞ்சம் கல்விக் கடன், கொஞ்சம் நகைக் கடன், தள்ளி எடுத்த சீட்டுப் பணம் என்று தொகை சேர்ந்தது.

அந்தக் கணக்கை ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் பையனையே எழுதச் சொன்னேன். நகைகளின் பட்டியலை எழுதிக்கொண்டே வந்தவன் நிமிர்ந்து, "அம்மாவோட ஆரத்தை விட்டுட்டீங்களே" என்றான். தம்பி பேசவில்லை. அவன் அம்மாதான் சொன்னாள்: "அது நீ பன்னிரண்டாவது படிக்கையிலயே பேங்குக்குப் போச்சுப்பா. இன்னும் மூட்டல." அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் மகனுக்கு முன்னால் கடன் கணக்கு பேசப்பட்டது அன்றுதான் முதல் தடவை. ஏஜென்ட் கையில் ஃபைல் போயிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

மற்ற காகிதங்களும் சும்மா வந்துவிடவில்லை. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். டெல்லியில் அதற்கென உள்ள அலுவலகம் நம் மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் உண்மையானவைதானா என்று சரிபார்த்துச் சான்று தருகிறது. போலிச் சான்றிதழ் கொடுத்தவர்கள் செய்த புண்ணியத்துக்கு நேர்மையான பிள்ளைகள் 18,000 ரூபாய் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் போதும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கல்லூரிச் சான்றிதழில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். மூவரும் ஒருவரே என்று வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். இப்போது அங்கே அவனுக்கு வரும் கடிதமெல்லாம் அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறது. தம்பிக்கு அதில் சொல்ல முடியாத பெருமை.

மோட்டிவேஷன் லெட்டர் என்று ஒன்று கேட்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு, முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று சொல்ல வேண்டும். ஏஜென்ட்கள் எழுதித் தரும் கடிதங்களில் எல்லாப் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே ரேடியோவைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். இவன் வீட்டில் ரேடியோவே கிடையாது. அப்பாவின் ஹார்டுவேர் கடையில் திரும்பி வரும் பழுதான பம்புகளைப் பற்றி எழுதினான். எந்தப் பாகம் முதலில் தேய்கிறது, ஏன் தேய்கிறது, அதைப் படிக்க இந்தப் பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் உதவும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மொழி கொஞ்சம் கரடுமுரடுதான். நான் திருத்தவில்லை.

விசா மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அவனே படித்துத் தெரிந்துகொண்டான். முன்பெல்லாம் மறுப்பு வந்தால் தூதரகத்துக்கே முறையீடு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை முதல் ஜெர்மனி அந்த வழியை மூடிவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். திருச்சியிலிருந்து பெர்லினில் வழக்கு நடத்தும் வசதி யாருக்கு இருக்கிறது? ஆகவே முதல் தடவை கொடுக்கும் ஃபைல் பிசகில்லாமல் இருப்பது முன்னைவிட அவசியம்.

இந்தப் பிளாக்டு அக்கவுண்ட் ஏற்பாடு நியாயமானது என்று நான் சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணில் முன்னால் நிற்கும் பிள்ளை, 12 லட்சம் புரட்ட முடியாத ஒரே காரணத்தால் பின்தங்கிவிடுகிறது. உதவித்தொகை கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பணமிருப்பவனுக்கு இந்தக் கணக்கு ஒரு சம்பிரதாயம். இல்லாதவனுக்கு இலவசப் படிப்பின் வாசலில் போட்ட பூட்டு.

இருந்தாலும் ஒன்றைப் பார்த்துவிட்டேன். விசா கிடைத்துப் போன தம்பி மகன் இப்போது 992 யூரோவில் மாதத்தை ஓட்டி, அதிலும் மிச்சம் பிடிக்கிறான். யாரும் புத்தி சொல்லவில்லை. அந்தப் பணம் எந்தெந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறான்.

பிள்ளையை வெளிநாடு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குச் சொல்வது இதுதான். கடைசி வருஷம் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உடன்பிறந்தவர்களோடு பேச வேண்டியதை இப்போதே பேசுங்கள். சந்தேகம் கேட்க ஏஜென்டிடம் போகலாம், தவறில்லை. ஃபைலை மட்டும் பிள்ளையே தயார் செய்யட்டும். வீட்டுக் கடனையும் அந்தக் கையே எழுதட்டும்.