உம்மாவின் அவணும் ஒரு பிளாற்றினக் கம்பியும்

எங்கள் வீட்டு அவணுக்கு வயது எட்டு. வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பியது. பேக்கரியில் இருந்தால் போறணை என்று சொல்கின்ற எங்கள் ஊரில், வீட்டுக் குசினிக்குள் வந்ததும் அது அவண் ஆகிவிட்டது. வட்டிலப்பமும் தொதலும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வரும். பட்டர் கேக்கும் ரிப்பன் கேக்கும் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் உம்மாவிடம்தான் வருவார்கள். என்னுடைய டியூசன் காசும் தம்பியின் பாடசாலைச் சப்பாத்தும் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தவைதான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கேக்குகள் நடுவில் அமிழத் தொடங்கின. ஓரம் வெந்திருக்கும், நடுவே களி போல இருக்கும், மேற்பக்கம் வெளிறிப் போயிருக்கும். உம்மா முதலில் முட்டையைச் சந்தேகித்தார். பிறகு பேக்கிங் பவுடரை மாற்றினார், மார்ஜரினை மாற்றினார். அளவுகள் எழுதி வைத்திருக்கும் பழைய கொப்பியில் ஒவ்வொரு கேக்கின் பக்கத்திலும் "10 நிமிடம் கூட" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார். அதுவும் சரிவரவில்லை. ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து கேக் திரும்பி வந்தது. உம்மா காசைக் கொடுத்தனுப்பிவிட்டு, கேக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கோழிகளுக்குப் போட்டார். அன்றிரவு என்னிடம், "என்ட கைப்பதம் போயித்து புள்ள. இனி ஓடர் எடுக்கல்ல" என்றார்.

இருபது வருடமாகக் கேக் செய்கிற ஒருவர் இப்படிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். அவணைப் போட்டுப் பார்த்தார், கதவைத் திறந்து கையை நீட்டிச் சூடு பார்த்தார், "போட் போயித்து, 40,000 ரூபாய் முடியும்" என்றார். பின்பக்கத் தகட்டைக் கழற்றவேயில்லை. கொண்டு வந்த பையிலிருந்து மீட்டரும் வெளியே வரவில்லை. அளக்காமல் சொன்ன அந்த விலைதான் எனக்கு உறுத்தியது. பௌதிகவியல் செய்முறையில் ஓர் அளவீட்டை மூன்று தடவை எடுக்காவிட்டால் எங்கள் ஆசிரியை கையொப்பம் இடமாட்டார்.

முதலில் தெரிய வேண்டியது, 180 பாகை என்று வைத்தால் உள்ளே உண்மையில் எத்தனை பாகை இருக்கிறது என்பது. அவணுக்குள் வைக்கும் வெப்பமானி எங்களிடம் இல்லை. ஆனால் சீனி இருந்தது. வெள்ளைச் சீனி ஏறத்தாழ 186 பாகையில் உருகும். பொலித்தீன் அல்ல, அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியைப் பரப்பி, அவணை 200இல் வைத்தேன். இருபது நிமிடத்துக்குப் பிறகும் அது வெள்ளையாகவே கிடந்தது. 210இலும் அப்படியே. 220இல் வைத்தபோதுதான் ஓரங்கள் கசிந்து தண்ணீரானது. ஆகவே, அவண் தான் சொல்வதைவிட 24 பாகைக்கும் 34 பாகைக்கும் இடைப்பட்ட ஓர் அளவு குளிர்ந்திருக்கிறது. "பாருங்க உம்மா, உங்கட கை இல்ல, இந்தப் பெட்டிதான் பொய் சொல்லுது" என்றேன். உம்மா சீனித் தாளைப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. மூன்று கரண்டி சீனி வீணானது மட்டும் தெரிந்தது.

அவண் தன் சூட்டை எப்படி அறிகிறது? உள்ளே மேல் மூலையில் பென்சிலை விட மெல்லிய ஓர் உலோகக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பிளாற்றினம் இருக்கிறது. சூடு ஏற ஏறப் பிளாற்றினத்தின் தடையும் ஏறும். அந்தத் தடையை அளந்து, அதற்குரிய வெப்பநிலை இன்னது என்று போட் கணக்கிடுகிறது. உயர்தரத்தில் நாங்கள் படிக்கும் தடை வெப்பமானி இதுதான். பரீட்சைக் கணக்கில் மட்டும் வாழ்கிற பொருள் என்று நான் நினைத்திருந்தது எட்டு வருடமாக எங்கள் குசினியில் இருந்திருக்கிறது. பிளாற்றினத்தைக் கொண்டு வெப்பநிலையை அளக்கலாம் என்று 1871இல் வில்லியம் சீமென்ஸ் சொன்னார். ஆனால் அவர் செய்த வெப்பமானிகளின் அளவீடு நாட்போக்கில் விலகியது. கம்பி மாசுபடாமலும் இழுபடாமலும் இருந்தால் பிளாற்றினம் அளவு மாறாது என்பதை 1887இல் கலண்டர் என்ற ஆங்கிலேயர் காட்டினார். பழுது பிளாற்றினத்தில் அல்ல, அதைச் சுற்றியிருந்தவற்றில்தான் இருந்தது. இந்தச் செய்தி பிறகு எனக்கு உதவியது.

எங்கள் அவணின் உணரியிலிருந்து வரும் கம்பியில் "பிடி 1000" என்று ஒரு சிறு பட்டி இருந்தது. 0 பாகையில் 1000 ஓம், 100 பாகையில் 1385 ஓம் என்பது அதன் பொருள். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3.85 ஓம். அவண் உண்மையைவிடக் கூடுதலாகச் சூடு இருப்பதாக நினைத்து நேரத்தோடு நிறுத்திவிடுகிறது என்றால், எங்கோ ஒரு நூறு ஓம் அளவு அதிகமாக வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

வாப்பாவுக்கு வட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு எடுத்தேன். அவர் தோஹாவில் ஏசி வேலை செய்கிறார். "பின்தகட்டைக் கழட்டப் போறன்" என்றதும், "மகள், முதல்ல பிளக்கக் கழட்டி, அதக் கையில புடிச்சி எனக்கிட்டக் காட்டு" என்றார். காட்டினேன். "மெயின் சுவிட்சயும் போடு கீழ." போட்டேன். அவண் இரவு முழுவதும் ஆறிய பிறகு, காலையில், வாப்பா அழைப்பில் இருக்கும்போது மட்டும் தொடுவது என்று ஒப்பந்தம். தம்பி டோர்ச் பிடித்தான். வாப்பாவின் பழைய பெட்டியில் கிடந்த பல்மானிக்கு ஒரு 9 வோல்ற் பற்றரி வாங்க வேண்டியிருந்தது.

உணரியின் கம்பி போட்டுக்குப் போய்ச் சேரும் முனையைக் கழற்றி அளந்தேன். 1221 ஓம். கணக்குப் பார்த்தால் அது 57 பாகை. எங்கள் குசினி எவ்வளவு புழுக்கமானது என்றாலும் காலை ஏழு மணிக்கு 57 பாகை இல்லை.

வாப்பா உடனே, "அப்ப சென்சர்தான் போயித்து, மாத்து" என்றார். உணரிக்கும் போட்டுக்கும் நடுவே, தகட்டின் பின்னால், கம்பிகளை இணைக்கும் ஒரு சின்னக் கனெக்டர் இருந்தது. அதைக் கழற்றி, உணரியின் பக்கத்தை மட்டும் தனியாக அளந்தேன். 1118. அதாவது 30 பாகை. உணரியின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்தேன், எண் மெல்ல 1130ஐ நோக்கி ஏறியது. "ஏறுதா? ஏசியில குறையும்" என்று வாப்பா ஆச்சரியப்பட்டார். அவர் கையாளும் உணரிகள் வேறு வகை, சூடு கூடத் தடை குறைபவை. முப்பது வருடம் வேலை செய்தவருக்கு நான் ஒன்றைச் சொல்லிக் கொடுத்த முதல் தடவை அது. அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், பின்னால் இருந்த நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒரே ஓர் அளவீட்டை நம்பி உணரியை விடுதலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். தண்ணீரில் போட்டு இடித்த ஐஸ் ஒரு கோப்பையில், கொதிக்கும் தண்ணீர் இன்னொரு சட்டியில். ஐஸில் 1001. கொதிநீரில் 1384. மூன்று மூன்று தடவை எடுத்தேன். எட்டு வருடச் சூட்டுக்குப் பிறகும் அந்தப் பிளாற்றினம் அப்படியே இருந்தது.

ஆகவே மிச்சமிருந்த 103 ஓமும் அந்தக் கனெக்டருக்குள். டோர்ச்சை நெருக்கிப் பிடித்தபோது பித்தளை ஊசிகள் பச்சையாகக் களிம்பேறி இருந்தன. எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு தெருதான். கேற்றும் சைக்கிள் சங்கிலியும் துருப்பிடிப்பது தெரியும், உப்புக்காற்று அவணின் முதுகுக்குள்ளும் போகும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி பொருத்தி அசைத்துப் பார்த்தால் எண் 1180க்கும் 1260க்கும் இடையில் ஓடியது. 103ஐ 3.85ஆல் வகுத்தேன், ஏறத்தாழ 27 பாகை. சீனி சொன்ன 24க்கும் 34க்கும் நடுவே அது சரியாக வந்து உட்கார்ந்தது. பரீட்சையில் விடை சரிவரும்போது வருகிற சந்தோசத்தைவிட இது வேறு மாதிரி இருந்தது.

கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் பற்றாசு பிடிக்கலாமா என்று கேட்டேன். வாப்பா மறுத்தார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சாதாரணப் பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். பின்பக்கம் அவ்வளவு சுடாது என்றாலும் அவருக்குச் சம்மதமில்லை. ஹார்ட்வெயார் கடையில் பீங்கான் கனெக்டர் ஒன்று 150 ரூபாய்க்குக் கிடைத்தது. கம்பிகளின் நுனியைப் பளபளப்பாகச் சுரண்டி, திருகாணிகளை இறுக்கி, மறுபடி அளந்தேன். 1119. தகட்டைப் பூட்டிய பிறகுதான் பிளக் சுவருக்குப் போனது.

180இல் சீனி வெள்ளையாக இருந்தது. 195இல் உருகியது.

அன்று பின்னேரம் உம்மா ஓடருக்கல்லாமல் சும்மா ஒரு பட்டர் கேக் போட்டார். கூட்டியெழுதிய 10 நிமிடத்தை விட்டு, பழைய நேரத்துக்கே வைத்தார். நேரம் முடிந்ததும் ஓர் ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈர்க்கில் ஒன்றும் ஒட்டவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேக்கைக் கவிழ்த்து ஆறவைத்துவிட்டு, அந்தக் கொப்பியையும் தம்பியின் அழிறப்பரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பக்கமாக "10 நிமிடம் கூட" அழிந்துகொண்டு வந்தது. ரிப்பன் கேக்கில் மட்டும் விட்டுவிட்டார். "அதையும் அழிங்க உம்மா" என்றேன்.

"இது அவணுக்கு எழுதினதில்ல புள்ள" என்றார். "அந்தத் தட்டு ஆழம்."