திறக்காத கோப்புகளுக்குள் நம் மனுக்கள்

அதிராம்பட்டினம் பக்கத்தில் ஒரு சேரி. இறந்தவரைத் தூக்கிக்கொண்டு இன்றும் வயல் வரப்பில்தான் போக வேண்டும். சுடுகாட்டுப் பாதை கேட்டு மறுபடியும் மனு எழுத உட்கார்ந்தோம். அலுவலகத்தில் முதலில் வரும் கேள்வி, "இதற்கு முன்னால் எப்போது கேட்டீர்கள்?" என்பதுதான். 2004இலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தேதி சொல்லக் கையில் காகிதம் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கூரையைப் பிய்த்தபோது மனுக் கட்டுகள் நனைந்து கூழாகிவிட்டன. தப்பியவை, ஒரு தகர டப்பாவில் இருந்த சில சிடிக்கள்.

அவற்றில் இருந்தவை பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள். எழுத்துரு பாமினி. இப்போது எங்களிடம் இருப்பதோ தோழர் ஒருவர் கொடுத்த மேக் மடிக்கணினி. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். விண்டோஸுக்கான அந்தப் பதிப்பு மேக்கில் நேரடியாக ஓடாது. 2020 இறுதியிலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிவிட்டதால், மேக்கிலேயே விண்டோஸை நிறுவ உதவிய பூட் கேம்ப் வழியும் புதிய கணினிகளில் இல்லை.

இரண்டு இலவச வழிகள் இருக்கின்றன. வைன் என்பது விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மென்பொருளை ஓட்டும். எல்லா மென்பொருளும் அதில் ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. யூடிஎம் என்பது மேக்குக்குள்ளேயே ஒரு பழைய இன்டெல் கணினியைப் போல நடந்துகொள்ளும். நாங்கள் யூடிஎம்மில் விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றி, அதில் பேஜ்மேக்கரையும் பாமினியையும் நிறுவினோம். வேகம் கிடையாது. ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் திறந்தது. 2004, 2006, 2009 என்று மூன்று மனுக்கள், தேதியோடு, கையெழுத்திட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு.

திறந்ததோடு வேலை முடியவில்லை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். ஒருங்குறிக்கு மாற்றினால்தான் எந்தக் கணினியிலும் படிக்கலாம், தேடலாம்.

இந்த வேலையைச் செய்யும் தோழர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதை இணையத்தோடு இணைக்காதீர்கள். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் பெயர் இருக்கும் பக்கங்களை இணையத்தில் உள்ள மாற்றிகளில் ஒட்டாதீர்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போல, கணினியிலேயே நிறுவிப் பயன்படுத்தும் மாற்றிகள் உண்டு.

கணினியில் இருக்கும் மனுவின் நகல், அது அலுவலகத்தில் பெறப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆனால் தேதியும் பொருளும் தெரிந்தால், அதன் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நாங்கள் இப்போது கேட்டிருக்கிறோம். புது மனுவில் மூன்று தேதிகளையும் எழுதியிருக்கிறோம்.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார், 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து அது பெரிய தொகுதிகளாக வந்தது 1999இல். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தப் பழைய இதழ்களை யாரோ காப்பாற்றி வைத்திருந்ததால்தான் இன்று நாம் அவரைப் படிக்கிறோம். அந்த இதழை விரித்தால் கண்ணாலேயே படிக்கலாம். நம் சிடியை அப்படிப் படிக்க முடியாது. அதற்கு அந்த மென்பொருள் வேண்டும், அந்த எழுத்துரு வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். மூன்றும் வருடத்துக்கு வருடம் குறைகின்றன.

சமூகவியல் வகுப்பில் ஆவணக் காப்பகம் பற்றிப் படித்தோம். நம் ஊர்களில் காப்பகம் என்பது பீரோ மேல் இருக்கும் தகர டப்பா. உங்கள் ஊரில் பழைய சங்கம், இரவுப் பள்ளி, அம்பேத்கர் மன்றம் நடத்தியவர்கள் வீட்டுக்கு இந்த விடுமுறையில் போங்கள். அய்யா, அக்கா என்று கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். சிடியோ ஃபிளாப்பியோ இருந்தால் கேட்டு வாங்கி, நகல் எடுத்து, மாற்றிய கோப்போடு மூலத்தையும் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.